நிறம் இழந்த கல்ச்சர்

லடாக்கின் லே பகுதி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் நிறமி உண்டாக்குபவற்றைப் பட்டியலிட்டு அனுப்பவேண்டியிருந்த வாரத்தில், ஆராய்ச்சி மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. அவற்றில் ஜாந்தினோபாக்டீரியம் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கல்ச்சர், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாத் திரள், முதலில் வளர்ந்தபோது, விளிம்பில் பிசுபிசுப்பாகத் திரண்டு, கருமையை நெருங்கிய ஊதாவாக இருந்தது. தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்க்க வளர்க்க ஊதா வெளிறி, கடைசியில் பாலாடை நிறமே எஞ்சியது.

"டி.என்.ஏ. சீக்வென்ஸ் அதேதான் மேடம். கலர் போச்சுன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துடணுமா?" என்றார்.

"இன்னைக்குத் தட்டுல தெரியுறதைத்தானேம்மா எழுத முடியும்" என்று சொல்லி நீக்கச் செய்தேன்.

அதற்கு நியாயம் இருந்தது. இன்னோர் ஆய்வகம் அதே கல்ச்சரை வாங்கி வளர்த்து, நிறமே வரவில்லை என்று எழுதினால் காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. நிறமியைப் பிரித்து 575 நானோமீட்டர் அருகே அதன் ஒளி உறிஞ்சலை அளக்கவும் வழியில்லை.

ஆனால் அந்த ஊதாவைத் தரும் வயலாசீன், டிரிப்டோஃபானிலிருந்து செல் பெரும் செலவில் ஆக்கிக்கொள்ளும் பொருள். செல்கள் நெருக்கமாகப் பெருகியதை வேதிச் சைகைகளால் உணர்ந்த பிறகே அதன் உற்பத்தி வேகம்பிடிக்கிறது. மண்ணில் பாக்டீரியாவைத் தின்னும் ஒருசெல் உயிர்களுக்கு அது நஞ்சு. தின்ன எதுவும் வராத, உணவு நிரம்பிய அகாரில் (தட்டில் ஊற்றும் கூழ்மத்தில்) அந்தச் செலவைக் கைவிட்ட செல்களே முந்திப் பெருகும் என்றால், நிறத்தைப் போக்கியது எங்கள் வளர்ப்பு முறைதானோ என்று தோன்றுகிறது. அண்டார்டிகாவின் ஷிர்மாக்கர் சோலை மண்ணிலிருந்து ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1992இல் விவரித்த ஸ்பிங்கோபாக்டீரியம் என்ற பாக்டீரியத்தில் நிறமி செல் சவ்விலேயே அமைந்திருக்கிறது. மற்றோர் அண்டார்டிகா பாக்டீரியத்தில் வளர்ப்பு வெப்பநிலை குறையக் குறைய, முனைவுத்தன்மை மிகுந்த கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளின் பங்கு கூடுகிறது. ஆக, நிறத்தைப் பாக்டீரியாவின் நிலையான அடையாளமாக எண்ணிப் பட்டியலிடுவதே எவ்வளவு சரி?

இத்தனையும் தெரிந்தும், இன்று அதே கேள்வி வந்தால் வேறு பதில் சொல்வேனா என்பது எனக்கு உறுதியில்லை. உறைபெட்டியில் வைத்திருந்த முதல் கிளிசரால் ஸ்டாக்கை (நிறம் போவதற்கு முன் கிளிசராலில் உறையவைத்த மாதிரியை) எடுத்து, குறைந்த உணவில், 4 டிகிரியில் மறுபடி வளர்த்துப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொன்னார். குளிரில் அது வளர்ந்து நிறம் காட்டும்வரை காத்திருக்க, அறிக்கைக்கான கெடு இடம் தரவில்லை.