மதங்க மலைக்கு நேர் தெற்கே

விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பிக்குப் போகிறவர்களில் பலர் விரூபாட்சரைத் தரிசித்துவிட்டு, விட்டலர் கோயில் கல்தேரின் முன் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அரண்மனைப் பகுதிக்குப் போனாலும் தாமரை மகால், யானைக் கொட்டில் என்று ஒரு சுற்றோடு சரி. நானும் அத்தையும் போனது நவராத்திரி வாரத்தில். நாள் பார்த்தவர் அத்தைதான். "மகாநவமி கொண்டாடின ஊருக்கு அந்த நாள்லயே போகணும்டா" என்றார்.

ஹொஸ்பேட்டையிலிருந்து ஆட்டோ. முதலில் துங்கபத்திரையில் கால் நனைத்து, விரூபாட்சர் சன்னிதி. அன்றைக்கும் இன்றைக்கும் பூசை நடக்கும் கோயில் இது. விஜயநகரத்தின் முதல் அரச வம்சமான சங்கம மன்னர்கள் தங்கள் சாசனங்களில் சொந்தப் பெயருக்குப் பதிலாக 'ஸ்ரீ விரூபாட்ச' என்றுதான் கையெழுத்து இட்டார்கள். நாடு சுவாமியுடையது, தாங்கள் அவருடைய காரியஸ்தர்கள் என்கிற பாவனை. ரங்கமண்டபம் 1510-இல் கிருஷ்ணதேவராயர் முடிசூட்டை ஒட்டிக் கட்டியது. அதன் விதானத்தில் சிருங்கேரி மடத்துக் குரு வித்யாரண்யர் பல்லக்கில் ஊர்வலம் போகும் ஓவியம் இருக்கிறது. கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்த்துவிடுங்கள். பம்பாம்பிகைக்கு அர்ச்சனை முடித்து வெளியே வந்தோம்.

அடுத்து நேராக ஹஜார ராமர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் தேவராயர் காலத்தில் எழுந்தது. அளவில் சிறியதுதான். ஆனால் அரண்மனை வளாகத்துச் சாலைகள் எல்லாம் இதை நோக்கித்தான் வந்து சேர்கின்றன. கோயிலுக்கு முன்னால் நின்று வடக்கே பார்த்தால் மதங்க மலை உச்சி கண்ணுக்கு நேராக நிற்கிறது. வாலிக்குப் பயந்து சுக்ரீவன் ஒளிந்திருந்த மலை. வடகிழக்கே மால்யவந்தம். சீதையைத் தேடிவந்த ராமர் மழைக்காலம் முடியும்வரை தங்கியிருந்த மலை அது. கிஷ்கிந்தையின் நடுவில் ராமருக்கு ஒரு கோயில் எழுப்பி, அதைச் சுற்றி ராஜாங்கத்தை அமைத்திருக்கிறார்கள். தற்செயலாக அமைந்த இடம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மதில் சுவரில்தான் நாங்கள் வெகுநேரம் நின்றோம். வெளிப்புறத்தில் வரிசை வரிசையாக ஊர்வலம்: கீழே யானைகள், அதற்கு மேல் குதிரைகள், பிறகு காலாட்படை, அதற்கும் மேல் கோலாட்டம் ஆடும் பெண்கள். மண்டபத்தில் அமர்ந்து அரசன் பார்க்கிறான். மகாநவமி ஊர்வலமே கல்லாகி நிற்கிறது. உள்ளே போனால் கோயில் சுவரைச் சுற்றி ராமாயணம். தசரதன் யாகத்தில் தொடங்கும் கதையை, பிரதட்சிணமாக நடந்தபடியே படிக்கலாம். வெளியே ராயருடைய சேனை, உள்ளே ராமருடைய சேனை.

கர்ப்பகிருகத்தில் மூர்த்தி இல்லை. பீடத்தில் மூன்று குழிகள் மட்டும். அத்தை அதன் முன் நின்று, பிள்ளையாருக்குப் போடுவதுபோலத் தலையில் குட்டிக்கொண்டு, ராம நாமம் சொன்னார். உள்ளே வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் அவரைப் பார்த்துத் தானாகவே செருப்பைக் கழற்றியது.

அங்கிருந்து மகாநவமி திப்பா நடக்கிற தூரம்தான். அடுக்கடுக்காக ஏறும் கல்மேடை, சுமார் 8 மீட்டர் உயரம். மேலே இருந்த மர மண்டபம் போய்விட்டது. 1443-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், 1520-ஐ ஒட்டி வந்த போர்ச்சுக்கீசியர் பயஸும் இங்கே நடந்த விழாவைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மல்யுத்தம், வாணவேடிக்கை, ஆடல். நகைப் பாரத்தால் நடக்க முடியாமல் பிறர் தாங்கிப்பிடிக்க வந்த பெண்களைப் பற்றி பயஸ் வியந்து எழுதுகிறார். தினமும் 24 எருமைகள், 150 ஆடுகள் பலி. கடைசி நாளில் 250 எருமைகள், 4,500 ஆடுகள் என்றும் கணக்குச் சொல்கிறார். இதை நான் வாசித்ததும் அத்தை முகம் சுளித்தார். "அம்பாளுக்குச் சுண்டல் போதாதா?" சைவக் குடும்பத்து நவராத்திரி அளவுகோல் அது, ராயருக்குப் பொருந்தாது.

பக்திக்கு நடுவே கணக்கும் உண்டு. ராயருக்குக் கீழ்ப்பட்ட நாயக்கர்கள் ஆண்டுத் திறையைக் கட்டியதும் இந்த ஒன்பது நாட்களில்தான். விழா முடிந்தால் ஊருக்கு வெளியே படை அணிவகுப்பு. மழை ஓய்ந்து, ஆறு வடிந்து, பாதை காய்ந்த பிறகுதானே படை நகர முடியும். ராமரும் மால்யவந்தத்தில் அதற்குத்தானே காத்திருந்தார்! திப்பாவின் மேலே நின்றபோது இது உறைத்தது. ராமாயணத்தின் பருவமும் ராஜ்யத்தின் பருவமும் ஒன்றாக ஓடும்படி இந்த ஊரில் விழா நடந்திருக்கிறது. தக்காணச் சுல்தான்களிடம் தோற்ற 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் அழிந்தது, விழா அழியவில்லை. மைசூர் உடையார்கள் 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினார்கள். ராமநாதபுரத்தில் சேதுபதிகளும் அரண்மனையில் நவராத்திரி நடத்தினார்கள்.

கிருஷ்ணர் கோயிலும் பார்த்தோம். உதயகிரியிலிருந்து கொண்டுவந்து 1515-இல் கிருஷ்ணதேவராயர் வைத்த பாலகிருஷ்ணர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். பக்கத்து ஊர்க்காரராகிவிட்டார் என்று அத்தைக்குச் சந்தோஷம்.

வெயில் தாழ்ந்ததும் மால்யவந்த ரகுநாதர். பாறையோடு சேர்த்துக் கட்டிய கோயில், பூசை உண்டு, ராமாயண பாராயணமும் உண்டு. ராமரும் லட்சுமணரும் அமர்ந்திருக்க, சீதை பக்கத்தில் நிற்கிறாள். அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மழைக்காலத்துல அவ அசோகவனத்துல இல்ல இருந்தா?" என்று என்னைக் கேட்டார். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஆட்டோக்காரர் முந்திக்கொண்டார்.

"கோயில்ல கூடப் பிரிச்சு வைப்பாங்களா, அம்மா?"