ஐந்தாவது கேள்வி

மட்டக்களப்பில் நீரிழிவுக் கிளினிக் ஒன்றில் தாதியாக இருந்தபோது, இன்சுலின் போடும் நோயாளிகளுக்கான சிகிச்சை வழிகாட்டி ஒன்றை எழுதினோம். வரைவு முடிந்ததும் அதன் தரத்தைப் பார்க்க அக்ரீ 2 என்ற மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தோம். அதில் 23 கேள்விகள். ஐந்தாவதில் நின்றுவிட்டோம்: யாருக்காக எழுதுகிறீர்களோ, அவர்களுடைய கருத்தையும் விருப்பத்தையும் கேட்டீர்களா?

கேட்கவில்லை. அவசரமாக ஆறு பேரைக் கூப்பிட்டு வரைவை வாசித்துக் காட்டினோம். "நீங்க சொன்னாச் சரிதான் மிஸ்" என்றார்கள். நாங்கள் கேட்ட விதத்துக்கு வேறு பதில் வராது. எழுதி முடித்ததைக் காட்டிச் சம்மதம் வாங்குவதை, கருத்துக் கேட்டதாக நான் இன்று கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த முறை வரைவை மேசையில் வைக்கவில்லை. கிளினிக் நாளில் எழும்பியதிலிருந்து என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டோம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அம்மா ஒருவர், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவியை ஓடத்தில் கடந்தவர், சொன்னார்:

"விடிய நாலு மணிக்கு எழும்புறன் மிஸ். நம்பர் எடுக்க முதல் பஸ்ஸில வரணும். வெறும் வயிறு. ரத்தம் எடுக்க எட்டு, ஒன்பது ஆகும். ஊசிய வீட்டில போட்டுட்டு வாறதா, வந்து போடுறதா? அத ஒருத்தரும் சொல்லித்தரல்லியே."

எங்கள் வரைவில் இருந்தது ஒரே வரி: சாப்பிடாமல் வந்து இரத்தப் பரிசோதனை செய்யவும். நாங்கள் கொடுத்த கலவை இன்சுலினைப் போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். வீட்டில் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவருக்குச் சீனி இறங்காமல் என்ன செய்யும்? வரிசையில் மயங்கியவர்களைத் தூக்கிப் படுக்கவைத்த காலைகள் நினைவுக்கு வந்தன. வெயில் என்று நினைத்திருந்தோம். அந்த வரியை மாற்றினோம்: ஊசி போடாமல் வாருங்கள், ஊசியும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், இரத்தம் கொடுத்தபின் ஊசி, அரை மணித்தியாலத்தில் சாப்பாடு.

காத்தான்குடி ராத்தா ஒருவர் நோன்பைப் பற்றிச் சொன்னார். விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் அந்த மாதம் முழுக்கப் பார்ப்பதேயில்லையாம். முறியாது என்றும், சீனி 70க்குக் (மி.கி./டெ.லீ.) கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்றும் ரமழான் கால நீரிழிவுக்கான சர்வதேச வழிகாட்டியில் உண்டு. நாங்கள் அதை வாசித்தவர்கள்தான். ஆனால் எங்கள் வரைவில் நோன்பு என்ற சொல்லே இல்லை. "நீங்க சொன்னாப் போதாது, பள்ளியில மௌலவியும் சொல்லணும்" என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.

ஒன்று இன்னும் உறுத்துகிறது. அன்று வந்தவர்களில் ஒருவர் வயல் கூலி. ஒரு நாள் உழைப்பை விட்டு வந்தவருக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினோம். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தில், அவற்றை எழுதும் குழுக்களில் குறைந்தது இரண்டு பொதுமக்கள் உறுப்பினராக இருப்பார்கள். வந்து இருப்பதற்குக் கொடுப்பனவும் உண்டு. எங்களிடம் அதற்குப் பணம் இருக்கவில்லை. அதனால் அடுத்த கூட்டத்தைக் கிளினிக் நாளிலேயே, எல்லோரும் இரத்தம் கொடுத்துச் சாப்பிட்டபின் வைத்தோம். கொக்கட்டிச்சோலை அம்மா இடியப்பப் பார்சலை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, முன் கதிரையில் இருந்தார்.