விதையிலிருந்து ஜப்பானிய மேப்பிள்: முதல் மூன்று ஆண்டுகள்

ஜப்பானிய மேப்பிள் வளர்க்க ஆசைப்படுபவர்கள் விதை தேடுவதற்கு முன் தங்கள் ஊர்க் குளிர்காலத்தைப் பார்க்க வேண்டும். இலையை உதிர்த்துவிட்டுச் சில மாதங்கள் குளிரில் உறங்கினால்தான் இந்த மரம் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். குளிரே வராத இடத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, பிறகு கொழுந்து மெலிந்து போய்விடும். ஜன்னலோரத்தில் வைத்து வீட்டுக்குள்ளேயே வளர்க்க முடியாததற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பிளட்குட்', 'கிரிம்ஸன் குயீன்' போன்ற பெயர் பெற்ற ரகங்களின் விதையைப் போட்டால் அதே ரகம் வராது. அவற்றையெல்லாம் ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். விதை நாற்றுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்: ஒன்று பச்சை, ஒன்று செம்பு நிறம், ஒன்றின் இலை அகலம், இன்னொன்றின் இலை ஊசிபோல. எனக்கு இந்தப் பலவிதமே பிடித்திருக்கிறது. குறிப்பிட்ட ரகம்தான் வேண்டும் என்றால் ஒட்டுச்செடி வாங்குவதே சரி.

விதையோடு ஒட்டியிருக்கும் மெல்லிய இறக்கை பச்சையிலிருந்தோ சிவப்பிலிருந்தோ மாறிப் பழுப்பாகத் தொடங்கும்போது, மரத்திலிருந்தே பறிக்க வேண்டும். காய்ந்து உதிரும்வரை காத்திருந்தால் விதையின் தோல் இறுகிவிடும். அப்படிப்பட்ட விதை பல நேரம் முதல் வசந்தத்தில் முளைக்காமல் அதற்கடுத்த வசந்தத்தில்தான் எழும். பறித்ததும் இறக்கையைக் கிள்ளி எடுத்துவிட்டு, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் (சுமார் 40 டிகிரி செல்சியஸ்) போட்டு, அது ஆறியபின்னும் ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். மூழ்கியவை நல்ல விதைகள். மிதப்பவற்றை இன்னொரு நாள் விட்டுப் பார்க்கலாம். பிறகும் மிதந்தால் அநேகமாக உள்ளே பருப்பு இருக்காது. சந்தேகமாக இருந்தால் ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள், வெறும் கூடாக இருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது குளிர். ஈரமான தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடியின் வெண்ணிறத் துகள்) சமமாகக் கலந்து, ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் நீர் வராத பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விதைகளை அதில் புரட்டி ஜிப்லாக் பையில் போட்டு, தேதி எழுதி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். 1 முதல் 5 டிகிரிக்குள் 90 முதல் 120 நாட்கள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. விதைக்குத் தேவை குளிரும் ஈரமும்தான், உறைபனி அல்ல. காய்ந்த விதை கைக்கு வந்திருந்தால், ஃபிரிட்ஜுக்கு முன் அதே ஈரக் கலவையில் அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு மாதம் வையுங்கள். இறுகிய தோல் அந்தக் காலத்தில்தான் இளகும். உங்கள் ஊரில் கடைசி உறைபனி எப்போது விலகும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கினால், முளை விடும் நேரமும் வெளியே இதமான வெயில் வரும் நேரமும் ஒத்துப்போகும்.

வாரம் ஒருமுறை பையைத் திறந்து காற்றாட விடுங்கள். பூசணம் பிடித்த விதையை எடுத்தெறிந்துவிட்டு மற்றவற்றைக் கழுவிப் புதுக் கலவைக்கு மாற்றினால் போதும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு சில விதைகள் பைக்குள்ளேயே வெள்ளை வேர்நுனி நீட்டும். அவற்றை உடனே தொட்டியில், வேர் கீழ்நோக்க, 1 செ.மீ. ஆழத்தில் வைத்துவிட வேண்டும். வேர் நீண்டபின் எடுத்தால் ஒடிந்துவிடும். முதலில் வருவது நாக்குபோல நீண்ட இரண்டு வித்திலைகள். மேப்பிளின் கைவிரல் வடிவம் அதில் இருக்காது. களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் நாற்றுகளைக் கொல்வது நாற்றழுகல் நோய். மண்மட்டத்தில் தண்டு நூலாகச் சுருங்கி, செடி ஒரே இரவில் சாய்ந்துவிடும். சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. தொட்டியைக் கீழிருந்து நீர் ஊற வைப்பது, மேல்மண் லேசாகக் காய்ந்தபின் அடுத்த நீர், நல்ல காற்றோட்டம், புதுக் கலவை: இவைதான் தடுப்பு.

தொட்டிக் கலவையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 6 முதல் 10 மி.மீ. அளவுள்ள பைன் பட்டைத் துண்டுகள் 3 பங்கு, பியூமிஸ் (நுரைபோன்ற எரிமலைக் கல்) அல்லது பெர்லைட் 2 பங்கு, நார்த்தூள் 1 பங்கு. தூசியைச் சலித்து நீக்க வேண்டும், ஏனென்றால் இடைவெளிகளை அடைப்பதே அதுதான். கலவை சற்று அமிலத்தன்மையோடு, பிஹெச் 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். வடிகாலுக்கு என்று தொட்டியடியில் கூழாங்கல் பரப்புவது எதிர்விளைவுதான் தரும். மண்ணிலிருந்து பெரிய கற்களின் இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலே தேங்கி, வேர் இருக்கும் இடத்தையே சதசதவென்று ஆக்கிவிடும். முதல் ஆண்டுக்கு 10 செ.மீ. தொட்டி, அடுத்த ஆண்டு 15, அதன் பிறகு 20. நேராகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து அழுகலுக்கு வழிவிடும்.

இரண்டாம் வசந்தத்தில், மொட்டு வீங்கி இன்னும் விரியாத நேரத்தில் மாற்றி நடுங்கள். அப்போது ஆணிவேரின் நீளத்தைக் குறைத்தால் பக்கவேர்கள் சுற்றிலும் பரவும். தண்டைச் சுற்றி வளைந்த வேர் இருந்தால் கட்டாயம் வெட்டிவிட வேண்டும். பின்னாளில் மரம் பருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும்.

கோடையில் எல்லோரும் கேட்பது இலை நுனிக் கருகலைப் பற்றி. வேர் தரும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமானால் முதலில் காய்வது ஓரமும் நுனியும்தான். பிற்பகல் வெயில், வெப்பக்காற்று, உப்பு மிகுந்த நீர் மூன்றும் இதைச் செய்யும். காலை வெயிலும் மதியத்துக்குப் பின் நிழலும் கிடைக்கும் இடம், முடிந்தால் மழைநீர் என்று மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அழுகிய வேரும் நீர் தராது என்பதால், நீர் அதிகமானாலும் இலை இதே மாதிரிதான் கருகும். கருகலைப் பார்த்ததும் குடம் குடமாக ஊற்றினால் அங்கேதான் மரம் போகிறது. ஊற்றுவதற்கு முன் தொட்டியைத் தூக்கிக் கனத்தைப் பாருங்கள். கனமாக இருந்தும் இலை வாடினால், செடியைத் தொட்டியோடு சாய்த்து மெல்ல உருவி வேரைப் பாருங்கள். நல்ல வேரின் நுனி வெண்மையாக, விரலுக்கு உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நிற்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில், சிறிய தொட்டியில், நிழலில் வையுங்கள். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அடுத்த துளிர் எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

உரம் குறைவாகவே போதும். இரண்டு மூன்று ஜோடி இலை வந்தபின் பாதி வலிமையில் திரவ உரம், அடுத்த ஆண்டிலிருந்து வசந்தத்தில் மெதுவாகக் கரையும் உரம். நடுக்கோடைக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறம் வரும் இளந்தளிர் முற்றுவதற்குள் பனி பிடித்துவிடும்.

கிளைகள் தாங்கும் குளிரை வேர் தாங்காது. நிலத்தில் மண் போர்வையாக இருக்கிறது. தொட்டியில் அது இல்லை. வெப்பம் −10 டிகிரி பக்கம் இறங்கும் என்றால், ஹீட்டர் இல்லாத கொட்டகைக்குள் தொட்டிகளை நகர்த்துங்கள். உறங்கும் மரத்துக்கும் அவ்வப்போது கொஞ்சம் நீர் வேண்டும். வசந்தத்தில் இலை விரிந்தபின் உறைபனி அறிவிப்பு வந்தால், அந்த இரவு மட்டும் உள்ளே வைத்தால் போதும்.

மூன்றாம் ஆண்டில்தான் கவாத்து. குளிர்கால இறுதியில் வெட்டினால் காயத்திலிருந்து சாறு ஒழுகிக்கொண்டே இருக்கும். கோடையின் பிற்பகுதியோ, இலையுதிர்ந்த உடனேயோ வெட்டலாம். மொட்டுகள் எதிரெதிராக இருப்பதால் ஒரு ஜோடிக்கு மேலே வெட்டினால் கிளை இரண்டாகப் பிரியும். மொட்டை ஒட்டி வெட்டாமல் அரை செ.மீ. குச்சி விடுங்கள், அது காய்ந்தபின் எடுத்துவிடலாம். கத்தரிக்கோலை ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பது அவசியம், வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்கு மருந்தே இல்லை என்பதால். மற்ற கிளைகள் நன்றாக இருக்க ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடினால் அதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே மரப்பகுதியில் கரும்பச்சையோ பழுப்போ ஆன கோடுகள், புள்ளிகள் தெரிந்தால் அந்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். வாடிய பகுதியை நீக்கி, நீரைச் சீராகக் கொடுத்தால் சில மரங்கள் தேறுவதுண்டு. தேறாமல் போனால், அந்தத் தொட்டி மண்ணை வேறு எந்த மேப்பிளுக்கும் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.