ஓலைப் பட்டையில் ஊற்றிய கஞ்சி

பெரிய வெள்ளியன்று தேவாலயத்தில் மூன்று மணி நேர மும்மணி தியானம் பிற்பகல் மூன்று மணிக்கு முடியும்போது, பாளையங்கோட்டை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்டுவிட்டு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் கஞ்சி. புழுங்கலரிசி, சிறுபயறு, வெந்தயம், பூண்டு, மேலாகத் தேங்காய்ப்பூ. தொட்டுக்கொள்ளக் காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல். காணத்தை வாசனை வருகிற வரைக்கும் வறுத்து, மிளகாய் வற்றல், புளி, பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மிக்ஸியில் மைய அரைத்தால் அது துவையலே இல்லை.

என் ஆச்சி சாயர்புரத்துப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவள். அன்றைக்குத் தன் கஞ்சியில் உப்புப் போட விடமாட்டாள். "ஆண்டவருக்குக் கிடைத்தது காடிதானே" என்பாள். மத்தேயு 27:34-இல் 'கசப்புக் கலந்த காடி' என்றே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நான் அதை வினிகர் என்று புரிந்துவைத்திருந்தேன். ஆச்சிக்குக் காடி என்றால் புளித்துப்போன கஞ்சித் தண்ணீர், மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது. தாகமாயிருக்கிறேன் என்றவருக்கு அதையா கொடுத்தார்கள் என்று, கேட்டுப் பழகிப்போன அந்த வசனத்துக்கு வருடம் தவறாமல் அழுவாள். நான் வாசித்த எந்த விளக்கவுரையும் அந்த அழுகைக்குப் பக்கத்தில் வரவில்லை.

இயேசுவை வரவேற்க எருசலேமில் பிடித்தது பேரீச்ச ஓலை. எங்களுக்குப் பனை. குருத்தோலை ஞாயிறன்று சிலுவையாக முடைந்து கையில் பிடிப்பதும், வெள்ளியன்று பட்டையாக மடித்துக் கஞ்சி வாங்குவதும் அதே மரத்து ஓலைதான். சூடான கஞ்சி பட்டதும் ஓலையிலிருந்து பச்சை வாசம் எழும்பும்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்து திரும்பினால் பதநீர் வந்திருக்கும். பங்குனி, சித்திரையில் அதற்குக் குறைவில்லை. அதிலேயே பச்சரிசியும் சிறுபயறும் வேக வேண்டும்; சர்க்கரையோ கருப்பட்டியோ வேண்டாம். பாளையைச் சீவச் சீவத்தான் பதநீர் ஊறும் என்று, கிண்டிக்கொண்டே ஆச்சி சொல்வாள். வெள்ளிக்கிழமை உப்பில்லாமல் குடித்த வாய்க்கு அந்தப் பொங்கல் எப்படி இனித்தது என்று என் மகளுக்குச் சொல்லித் தெரியவைக்க முடியவில்லை. கறிக்குழம்பும் இட்லியும் அப்புறம்தான்.

போன வருடம் கஞ்சியைப் பிளாஸ்டிக் தம்ளரில் கொடுத்தார்கள். மனம் ஆறவேயில்லை. இந்த முறை ஓலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் மகளை உட்காரவைத்து, இருபது பட்டையாவது மடித்துவிட வேண்டும்.