கொதிக்கவைத்த பின்னும் எஞ்சியது

அட்டனுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை எல்லோரும் ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே உலர்த்தும் இயந்திரத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த அப்பாவிடமிருந்துதான், ஒரு நொதியத்தை எதுவரை இயங்கவிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முதலில் கற்றேன். உருட்டிய கொழுந்தை பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் மெல்லச் செம்பு நிறமாக்கும்; வேண்டிய நிறமும் மணமும் வந்ததும் சூடான காற்றுக்குள் செலுத்தினால், அந்த நொதியம் வடிவம் குலைந்து செயலிழந்துவிடும். பெரும்பாலான புரதங்கள் சூட்டைத் தாங்கமாட்டா என்ற இந்த அறிவுதான், கண்டிக்கு அருகிலுள்ள ஆய்வுகூடமொன்றில் நாங்கள் செய்த பிழையைப் பின்னாளில் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

நாங்கள் பயன்படுத்தியது இன்டர்பெரோன் காமா. நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் சைட்டோகைன்களில் அதுவும் ஒன்று. ரி கலங்கள் அதைச் சுரக்க, மக்ரோபேஜ் எனும் விழுங்கற்கலங்கள் தூண்டப்பட்டு, தமக்குள்ளே குடியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் வலிமை பெறுகின்றன. இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் லீஷ்மேனியா டொனொவானி, இலங்கையில் பெரும்பாலும் தோலில் ஆறாப் புண்களையே உண்டாக்குகிறது. அந்த ஒட்டுண்ணி வாழும் இடமும் இதே மக்ரோபேஜ்தான் என்பதால், இந்தப் புரதத்தின் மீது எனக்கு வெறும் பாடநூல் ஆர்வத்துக்கு மேற்பட்ட பற்று உண்டு.

இன்டர்பெரோன் என்ற புரத வகையை 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவரும் கண்டறிந்தார்கள். அதன்பின் நெடுங்காலம், ஹெல்சிங்கியில் காரி கன்டெல் செய்ததைப் போல, கொடையாகப் பெற்ற குருதியின் வெண்கலங்களில் வைரசைத் தொற்றவைத்துச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கிடைத்த கரைசலிலும் பெரும்பகுதி வேறு புரதங்களே. 1980களின் தொடக்கத்தில் இந்த மரபணுக்களைப் பற்றீரியாவுக்குள் செலுத்தும் மீளச்சேர்த்த டி.என்.ஏ. தொழினுட்பம் கைகூடியது. இன்டர்பெரோன் காமாவின் மரபணு 1982இல் பிரித்தெடுக்கப்பட்டது. மனித உடல் இந்தப் புரதத்தில் சர்க்கரைத் தொடர்களையும் இணைக்கிறது, ஈ. கோலை பற்றீரியா அவ்வாறு இணைப்பதில்லை. ஆயினும் 143 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகள் சரியாகச் சோடிசேர்ந்துவிட்டால் அது தன் வேலையைச் செய்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

எங்களுக்கு அது உறைய உலர்த்திய வெண்படலமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குப்பியின் அடியில் ஒட்டியபடி வரும். திறக்குமுன் குப்பியைச் சுழற்றித் தூளை அடியில் சேர்க்க வேண்டும். கரைத்தபின் வேகமாகக் குலுக்கக் கூடாது. மிக ஐதான கரைசலில் புரதம் பிளாத்திக்குச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அல்புமின் என்ற வேறொரு புரதத்தைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்காமல், ஒருமுறைக்கு வேண்டிய அளவுகளாகப் பிரித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போகும் மலையகத்தில், இந்தக் கடைசி விதியின் அருமை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பிழை இவற்றில் எதிலும் நேரவில்லை. மனித மக்ரோபேஜ்களுக்கு இன்டர்பெரோன் கொடுத்து, அவை சுரக்கும் டி.என்.எப். என்ற மற்றொரு சைட்டோகைனை அளந்தோம். அளவு மிக உயர்ந்திருந்ததால் மகிழ்ந்தோம். ஒப்பீட்டுக்காக, அதே இன்டர்பெரோனைக் கொதிக்கவைத்து இன்னொரு தட்டில் இட்டபோது, டி.என்.எப். குறைந்ததே தவிர இல்லாமற்போகவில்லை. உலர்த்தியிலிருந்து வெளிவந்த தேயிலை தொடர்ந்து ஒட்சியேறுவதாக யாராவது சொன்னால் அப்பா நம்பியிருக்க மாட்டார். செயலிழந்திருக்க வேண்டிய புரதத்தின் பெயரில் வேறொன்று வேலை செய்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வேறொன்று, எண்டோடொக்சின் எனப்படும் அகநச்சு. ஈ. கோலை போன்ற, ‘கிராம் எதிர்’ என்ற வகைப் பற்றீரியாவின் புறச்சுவரில் இருக்கும் இந்தக் கொழுப்புச் சர்க்கரைச் சேர்மம் கொதிநீருக்கு அசையாது, மக்ரோபேஜ்களோ அதன் மிகச் சிறிய அளவுக்கும் பதறி எழும். இன்டர்பெரோன் முன்கூட்டியே ஆயத்தப்படுத்திய கலங்கள் இன்னும் கடுமையாக எழும். முதல் தட்டில் நாங்கள் கண்டு மகிழ்ந்த உயர்வு இரண்டும் சேர்ந்த விளைவு. குப்பியில் வந்த புரதத்தையே முதலில் ஐயுற்றேன், அது தவறு. புரதத்தைக் கரைக்கப் பயன்படும் தாங்கற்கரைசலை மட்டும், புரதமின்றி, இட்ட கலங்களும் டி.என்.எப். சுரந்தன. சில நாள் தேங்கிய காய்ச்சி வடித்த நீரில் பற்றீரியா வளர்ந்திருக்க, அந்த நீரில் செய்த கரைசலை அழுத்த ஆவியில் கிருமிநீக்கிவிட்டுத் தூயதென்று நம்பியிருந்தோம். அழுத்த ஆவி கிருமியைக் கொல்லும், அதன் சுவர்ச் சேர்மத்தை அழிப்பதில்லை.

இப்போது கண்ணாடிப் போத்தல்களை 250 பாகை செல்சியஸ் உலர்வெப்பத்தில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கிறோம். நீரை அன்றன்றே எடுக்கிறோம். லாடநண்டின் குருதிக்கலங்களிலிருந்து செய்யப்படும் சோதனைப்பொருளால் ஒவ்வொரு கரைசலிலும் அகநச்சு உண்டா என்று பார்க்கிறோம். எல்லாத் தட்டிலும் வெறும் கரைசலுக்கென ஓரிடம் ஒதுக்கியிருக்கிறோம். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது இந்தச் சூட்டின் அளவை அப்பாவிடம் சொன்னேன். அந்தச் சூட்டில் தேயிலை கரியாகிவிடுமே என்றார். பிறகு, அவ்வளவு சூடு வைத்தால்தான் அழிகிற அந்தப் பொருள் எங்கள் தோட்டத்துப் பீலித்தண்ணீரிலும் இருக்குமா என்று கேட்டார். பற்றீரியா வாழும் எந்த நீரிலும் இருக்கும் என்றேன்.