வாடல் தொட்டி அருகே ஒரு சிலேட்டு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக (தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவராக) இருந்தபோது, இரவு ஷிஃப்டில் யாரும் யாரோடும் பேசாமல் வேலை பார்ப்பதை நான் ஒழுங்கு என்றே எண்ணியிருந்தேன். தூளில் ஈரம் நின்றுவிட்டால், இலை வாடவில்லை என்று, தூளை உலர்த்தும் டிரையர்காரரும், அடுப்பில் விறகு போதவில்லை என்று, பச்சை இலையைத் தொட்டிகளில் பரப்பி வாடவைக்கும் வாடல் பகுதிக்காரரும் என்னிடம் தனித்தனியே வந்து சொல்வார்கள்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு கெட்டில் ஓட்டையாகிப் போனதால், இரு பகுதியினரும் அடுப்பு வாசலில் ஒன்றாக அமர்ந்து தேநீர் குடிக்க வேண்டியதாயிற்று. (புதுக் கெட்டில் வாங்க நிர்வாகம் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது, அந்தத் தாமதத்துக்கு இன்றும் நன்றி சொல்வேன்.) மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் வாடல்காரர் ஒரு பிடி இலையை உள்ளங்கையில் வைத்து இறுக்கித் திறந்து காட்டினார். நன்றாக வாடியதன் அடையாளமாக, இலை விரியாமல் உருண்டையாகவே நின்றது. “நாலாம் தொட்டி சார். சூட்டுக் குழாய் பக்கத்துல இருக்கறதால முதல்ல வாடிருது. நாம வந்த வரிசையில ஒண்ணாம் தொட்டியத்தான் அள்ளுறோம்” என்றார்.

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. உருளைக்குப் போகும் இலையில் ஈரம் ஏறக்குறைய 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட நான், தொட்டிகளின் வரிசையைப் பற்றி ஒருபோதும் யோசித்ததில்லை. ஆறு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யார் கேட்டா?” என்று டிரையர்காரர்தான் அவருக்காகப் பதில் சொன்னார். மறுநாள் முதல், எந்தத் தொட்டி முதலில் என்பதை வாடல்காரரே சிலேட்டில் எழுதினார்.

நெருக்கம் கூடினால் ஒருவர் தவற்றை மற்றவர் மூடி மறைப்பார்கள் என்று அஞ்சினேன். அந்த அச்சம் முற்றிலும் வீணானதும் அல்ல, ஒரு கருகிய ஈடு என் கண்ணுக்கு வராமலே போயிருக்கிறது. ஆனால், மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில் பிழைகள் கூடுதலாகப் பதிவானதையும், அங்கே அவற்றை வெளியே சொல்ல முடிந்ததே அதற்குக் காரணமாகலாம் என்பதையும் 1996-இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, எங்கள் சிலேட்டுதான் நினைவுக்கு வந்தது.

திருப்பூரில் கூடுதல் சம்பளத்துக்கு அழைப்பு வந்தும் வாடல்காரர் போகவில்லை. காரணம் கேட்டதற்கு, டிரையர்காரரைக் காட்டி, “அண்ணன் தனியா நைட் பார்க்கணுமே” என்றார்.