மூலக்கூறு பார்க்க எந்த மடிக்கணினி?

கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகள் உயிர்த்தகவலியல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள்களான பைமால், கைமெராஎக்ஸ், விஎம்டி மூன்றும் திணறாமல் ஓடவேண்டும் என்று ரிச்சி தெருவில் விசாரித்தபோது, கேமிங் லேப்டாப்புக்குக் குறைவாக எதை எடுத்தாலும் வீண் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை.

புரதத்தின் வடிவத்தைப் பார்ப்பது வேறு, அதன் அசைவைக் கணித்து ஓட்டுவது வேறு. நான்கு சங்கிலிகள் கொண்ட ஹீமோகுளோபினை ரிப்பன் வடிவில் திருப்பிப் பார்க்க, சில ஆண்டுகளுக்குள் வந்த எந்த இன்டெல் ஒருங்கிணைந்த கிராபிக்ஸும் போதும். கைமெராஎக்ஸ் கேட்பது ஓப்பன்ஜிஎல் (முப்பரிமாணப் படம் வரைவதற்கான கிராபிக்ஸ் தரநிலை) 3.3 மட்டுமே. எச்ஐவி வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றியுள்ள புரதக் கூட்டை (பிடிபி என்ற புரதத் தரவு வங்கியில் எண் 3ஜே3க்யூ, ஏறத்தாழ 24 லட்சம் அணுக்கள்) திறந்தால்தான் தனி கிராபிக்ஸ் அட்டையின் அருமை தெரியும். அங்கேகூட முதலில் தடுமாறுவது பெரும்பாலும் ரேம்தான். கைமெராஎக்ஸில் 'லைட்டிங் சாஃப்ட்' கொடுத்தால் பல திசைகளிலிருந்து விழும் நிழல்களைக் கணக்கிடுவதால் பெரிய அமைப்புகள் தத்தித் தத்தித்தான் திரும்பும். 'லைட்டிங் சிம்பிள்' என்று மாற்றியதும் அதே கணினியில் அவை வழுக்கிக்கொண்டு சுழலும். ஆய்வுக் கட்டுரைக்குப் படம் எடுக்கப் பைமாலில் தரும் 'ரே' கட்டளையோ முழுக்க சிபியுவின் வேலை. டாக்கிங்குக்கு, அதாவது ஒரு சிறு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணிக்க, பயன்படும் ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளும் அப்படியே.

ஆகவே 16 ஜிபி ரேமை முதலில் உறுதி செய்யச் சொன்னேன். அதுவும் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு எட்டுகளாக இருப்பது நல்லது. ஒருங்கிணைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது, ஒற்றைக் குச்சியில் அதன் வேகம் அடிபடும்.

மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் குரோமாக்ஸ் போன்றவற்றைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுபவர்களுக்கு, கிராபிக்ஸ் அட்டையிலேயே கணக்கிட வைக்கும் குடா வசதிக்காக, என்விடியா அட்டை இருப்பது நல்லதுதான். அப்போதும் பெயரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை மடிக்கணினிகள் உண்டு. கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் மின்விசிறியை மட்டும் நம்பி ஓட்டினால், மெல்லிய கணினி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கிராபிக்ஸும் உள்ள கணினியில் மென்பொருள் இன்டெல்லிலேயே திறந்துகொள்வதும் உண்டு. விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த மென்பொருளுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

இவளுக்கு அந்தக் கணிப்பு வேலையெல்லாம் துறையின் கணினியில்தான் நடக்கப்போகிறது. தனி அட்டை வேண்டாமென்று முடிவாயிற்று. மிச்சமாகும் பணத்தில் நடுப் பொத்தான் உள்ள மௌஸ் ஒன்றைக் கட்டாயம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்: பைமாலில் சுழற்ற இடது, நகர்த்த நடு, பெரிதாக்க வலது என்று மூன்று பொத்தான்களும் வேண்டும், டச்பேடில் அதைச் செய்வது பெரும்பாடு.